உதவிக் காசும் உழைப்புக் காசும்: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை காலைகளில் படிவம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். அஸ்வெசும என்ற அரச உதவிக் காசு, ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதி, மேன்முறையீடு, பிறப்புப் பதிவு என்று எது வந்தாலும் எழுதுவேன். வருகிறவர்கள் பெரும்பாலும் வேலை செய்கிறவர்கள்தான். துணிக்கடையில் நிற்கிற பிள்ளைகள், மேசன் கையாட்கள், தோணிக்காரர், வயல் கூலிக்குப் போகிறவர்கள், விடியப்புறம் நாலரைக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ்சுக்கு நிற்கிறவர்கள். திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அரசாங்கம் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு உண்மையில் என்னதான் செய்கிறது?

இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள், குழப்பம் பாதி தீரும்.

ஒன்று உதவிக் காசு. வறுமையை அளந்து அரசாங்கம் தருவது. முன்பு ஜனசவிய, பிறகு 1995 முதல் சமுர்த்தி, 2023 ஜூலை முதல் அஸ்வெசும.

மற்றது உழைப்புக் காசு. நீங்கள் வேலை செய்வதால் சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியது. ஆகக் குறைந்த சம்பளம், ஈ.பி.எப்., ஈ.ரீ.எப்., பணிக்கொடை, பிரசவ லீவு, வேலையில் காயப்பட்டால் நட்டஈடு. இதில் அரசாங்கத்தின் பங்கு சட்டம் போடுவதும், முதலாளி அதை மதிக்கிறாரா என்று பார்ப்பதும்.

எங்கள் சனம் முதலாவதற்கு விடியக் காலையில் வந்து வரிசையில் நிற்கும். இரண்டாவதைக் கேட்கவே கூச்சப்படும். கணக்குப் பார்த்தால் பல வீடுகளில் இரண்டாவதுதான் பெரிய காசு. இந்தப் பக்கத்தை நான் எழுதுவதற்கு முக்கியமான காரணமே அதுதான்.

அஸ்வெசும எவ்வளவு கிடைக்கும்?

தொடங்கும்போது நான்கு வகை வைத்தார்கள். நிலைமாறும் குடும்பங்களுக்கு 2,500 ரூபாய், பாதிக்கப்படக்கூடிய குடும்பங்களுக்கு 5,000, வறிய குடும்பங்களுக்கு 8,500, மிக வறிய குடும்பங்களுக்கு 15,000. 2025 ஜனவரியில் பின்னைய இரண்டையும் உயர்த்தினார்கள். இப்போது வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 வரை, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 வரை. முதல் இரண்டு வகையும் தொடக்கத்திலிருந்தே காலவரை வைத்துக் கொடுத்தவை. அந்தக் காசு நின்றால் ஜீ.எஸ். (கிராம சேவகர்) வெட்டிவிட்டார் என்று அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

இதைத் தவிர 70 வயது கடந்தவர்களுக்கும், மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும், சிறுநீரக நோயாளர்களுக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு. 2025இல் முதியோருக்கு 3,000 ரூபாய் 5,000 ஆனது, சிறுநீரக நோயாளருக்கு 7,500 ரூபாய் 10,000 ஆனது. வீட்டில் டயலிசிஸ் செய்கிற ஒருவர் இருந்தும் அந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்காத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை என்பார்கள். சரி, இப்போது சொல்லியாயிற்று.

"பக்கத்து வீட்டுக்கு வருகுது, எனக்கு ஏன் மனே வரல்ல?"

சனிக்கிழமைகளில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்கிறவர்களின் குரலில் காசை விட அவமானம்தான் கூடுதலாக இருக்கும். 'நாங்கள் பொய் சொன்னோம் என்று நினைச்சிட்டாங்களா' என்று ஒரு அம்மா கேட்டார்.

சமுர்த்திக் காலத்தில் பெயர் சேர்ப்பதும் வெட்டுவதும் ஊரில் உள்ள உத்தியோகத்தரின் கையில் இருந்தது. அஸ்வெசும அப்படியில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். வீட்டுக்கு வந்து கேட்டுப் பதிந்த விவரம் கணினிக்குப் போகிறது. அங்கே போட்ட புள்ளிதான் நீங்கள் எந்த வகை என்று முடிவு செய்கிறது.

ஆகவே தவறு நடந்திருந்தால் அது பெரும்பாலும் பதிந்த விவரத்தில்தான் இருக்கும். நான் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். ஒரே வளவுக்குள் இரண்டு குடும்பம், ஒரே மீட்டர். இரண்டு குடும்பத்தின் கரண்ட் பில்லும் ஒருவர் தலையில் விழுந்தது. இன்னொரு வீட்டில் மகன் வேலைக்கு ஓடும் மோட்டார் சைக்கிள் லீசிங்கில் எடுத்தது. அதன் கட்டுப்பணமே மாதச் செலவில் பாதி, ஆனால் பதிவில் அது சொத்து. வெல்லாவெளிப் பக்கம் ஒரு ஐயா பங்குக்கு மேய்க்கிற பிறர் மாடுகளை, கேட்டவுடன் வெள்ளந்தியாக 'எங்கட மாடுதான்' என்று சொல்லிவிட்டார்.

செய்ய வேண்டியது இது. பட்டியல் வெளியானதும் மேன்முறையீட்டுக்குக் காலம் கொடுப்பார்கள். அந்த நாட்களுக்குள் பிரதேச செயலகத்தில் கொடுங்கள். 'நாங்கள் ஏழைகள், கருணை காட்டுங்கள்' என்று எழுதுவதால் புள்ளி மாறாது. எந்த விவரம் பிழை, அதற்கு என்ன ஆதாரம் என்று எழுத வேண்டும். மீட்டர் யார் பெயரில், எத்தனை குடும்பம் பாவிக்கிறது, லீசிங் எவ்வளவு மிச்சம், மாடு யாருடையது. நலன்புரி நன்மைகள் சபையின் 1924 என்ற இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம்.

பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு 'எனது குடும்பம் பற்றிப் பதியப்பட்ட விவரங்களின் பிரதி வேண்டும்' என்று ஒரு கடிதம் கொடுங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். கடிதம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்க மறக்க வேண்டாம்.

வீட்டுக்காரர் சம்பளத்துக்கு வேலை செய்தால் அஸ்வெசும கிடைக்காதா?

கிடைக்கலாம். சம்பளத்தை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. சின்னச் சம்பளம், நாலு பிள்ளை, படுக்கையில் ஒரு தாய், ஓலைக்குசினி என்றால் புள்ளி அதற்கேற்பப் போகும். 'அஸ்வெசும வெட்டுப்பட்டுப் போகும்' என்று பயந்து ஈ.பி.எப். இல்லாத வேலையில் நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். அது பெரிய நட்டம். எவ்வளவு நட்டம் என்று கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஆகக் குறைந்த சம்பளம் இப்போது எவ்வளவு? கடையில் நிற்கிற பிள்ளைக்கும் அது பொருந்துமா?

பொருந்தும். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க தேசிய ஆகக் குறைந்த வேதனச் சட்டம் கடை, ஆலை, பாமசி, பேக்கரி என்று எல்லாத் தனியார் துறைக்கும் உரியது. 2016இல் மாதம் 10,000 ரூபாய் என்று தொடங்கினார்கள். 2021இல் 12,500, 2024இல் 17,500. பிறகு 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. நாட்சம்பளம் என்றால் 1,200.

17,500 எப்படி ஒரேயடியாக 27,000 ஆனது என்று கேட்பீர்கள். 2005இலும் 2016இலும் சட்டம் போட்டுக் கொடுத்த 1,000, 2,500 என்ற இரண்டு நிவாரணப் படிகளைச் சேர்த்தால் முன்பு உண்மையில் 21,000 இருந்தது. அந்தப் படிகளை அடிப்படைச் சம்பளத்துக்குள் கொண்டு வந்து அதற்கு மேல் உயர்த்தியிருக்கிறார்கள். அது நல்ல வேலை. அடிப்படைச் சம்பளத்தைப் பார்த்துக் கணக்கிடுகிற மற்றக் கொடுப்பனவுகளும் அதனால் கூடும்.

மேசன் கையாளுக்கு இந்தச் சட்டத்தால் பெரிய மாற்றமில்லை. அவருடைய நாட்கூலி இதை எப்போதோ தாண்டிவிட்டது. இது வேண்டியது நகரத்துக் கடைகளிலும், சின்னக் கந்தோர்களிலும், தனியார் பாலர் பாடசாலைகளிலும் வேலை செய்கிற பெண் பிள்ளைகளுக்கு. 'தங்கச்சி, இஞ்ச நிழலில இருந்து செய்யிற வேலைதானே' என்று சொல்லிச் சொல்லியே அவர்களுக்குக் குறைத்துக் கொடுத்து வந்தார்கள். நிழலுக்குச் சம்பளத்தில் கழிவு கிடையாது. குறைத்துக் கொடுத்தால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வீட்டு வேலை செய்பவர்களை இந்தச் சட்டம் வெளியே விட்டது. ஈ.பி.எப். சட்டமும் அப்படித்தான். பிறர் வீட்டில் சமைத்து, துடைத்து, அவர்களின் பிள்ளையை வளர்த்துக் கொடுக்கிற பெண்ணும் தொழிலாளிதான். அவரைச் சட்டத்துக்குள் கொண்டு வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஈ.பி.எப். என்று கழிக்கிறார்கள், அது எங்கே போகிறது? கழிக்காவிட்டால் என்ன செய்வது?

இதை ஆறுதலாகப் படியுங்கள்.

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிப்பார்கள். முதலாளி தன் கையிலிருந்து 12 சதவீதம் போட வேண்டும். அதற்கு மேல் 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு, அதாவது ஈ.ரீ.எப்.க்கு, முதலாளி மட்டும் 3 சதவீதம் போட வேண்டும்.

30,000 ரூபாய்ச் சம்பளத்தை எடுங்கள். உங்கள் பங்கு 2,400. முதலாளியின் பங்கு 3,600. ஈ.ரீ.எப். 900. ஆக, முதலாளி உங்களுக்காக மாதா மாதம் 4,500 ரூபாய் கட்ட வேண்டும். வருடத்துக்கு 54,000. பத்து வருடத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். உங்களுடைய பங்கு இதில் சேரவில்லை, வட்டியும் சேரவில்லை. 5,000 ரூபாய் உதவிக் காசு நின்றதற்கு வீடே அழுதது. மாதம் 4,500 ரூபாய் வராமல் போவது கண்ணுக்குத் தெரியாததால் ஒருவரும் அழுவதில்லை.

சில விஷயங்களைத் தெளிவாக வைத்திருங்கள். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் ஈ.பி.எப். கட்ட வேண்டும். தற்காலிகம், தினக்கூலி, துண்டுக்கணக்கு என்றாலும் கட்ட வேண்டும். முதலாளி தன் 12 சதவீதத்தையும் உங்கள் சம்பளத்திலிருந்தே கழிப்பது சட்டவிரோதம். உங்கள் 8 சதவீதத்தை அந்தந்த மாதம் கழிக்காமல் விட்டுவிட்டால் பிறகு உங்களிடம் கேட்க முடியாது, முழு 20 சதவீதத்தையும் அவரே கட்ட வேண்டும். பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணமும் சேரும்.

இனி எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவரின் கதை. நகரத்தில் ஒரு துணிக்கடையில் ஏழு வருடம் வேலை. ஈ.பி.எப். இல்லை, நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. கலியாணம் முடிந்து வேலையை விட்ட பிறகு ஒரு சனிக்கிழமை வந்தார். 'அங்க வேல செஞ்ச என்டதுக்கு ஒண்டும் இல்ல அண்ணா' என்றார். எழுதி வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அடுத்த கிழமை சொப்பிங் பையில் சுற்றி இரண்டு சி.ஆர். கொப்பி கொண்டு வந்தார். மட்டை கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. உள்ளே ஒவ்வொரு நாளும் நீலப் பேனையால் ஒரு வரி. '8.20 – 6.45'. தீபாவளிக்கு முதல் கிழமை முழுக்க '8.00 – 9.30, அப்பா பஸ்ராண்டுக்கு வந்தார்'. இடையில் 'சம்பளம் 12,000, துணிக்கு 1,500 கழிச்சது'. பஸ் தவறினால் வீட்டில் ஏசுவார்கள் என்று நேரத்தைக் குறிக்கத் தொடங்கியவர், பிறகு விடாமல் எழுதியிருக்கிறார்.

தொழில் அலுவலகத்தில் அந்தக் கொப்பியை எடுத்து வைத்தோம். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். கடைக்காரர் முதல் விசாரணைக்கு வரவில்லை. இரண்டாம் முறை வந்து 'இந்தப் பிள்ளை சும்மா வந்து போறது' என்றார். கொப்பியில் இருந்த கழிவுகளையும் சீசன் நாட்களின் நேரத்தையும் காட்டிக் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. நாலைந்து தடவை அலைந்தோம், லேசாக முடியவில்லை. ஆனால் தவணை போட்டுக் கட்டினார்.

உங்கள் கணக்கில் காசு விழுகிறதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். சம்பளத்தில் கழித்துவிட்டு நிதிக்குக் கட்டாத இடங்களும் உண்டு. இன்னும் வேலையில் இருந்துகொண்டே முறைப்பாடு செய்யப் பயம் என்றால், பெயரை வெளியிட வேண்டாம் என்று அதிகாரியிடம் கேளுங்கள்.

கலியாணத்துக்கு ஈ.பி.எப்.ஐ எடுக்கலாமா?

சாதாரணமாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் எடுக்கலாம். திருமணத்தைக் காரணமாக வைத்து வேலையை விடுகிற பெண்ணுக்கு அதற்கு முன்பே எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. எடுக்கலாம், சரி. ஆனால் என்னைக் கேட்டால் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் காசு மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் போய்விடும். ஐம்பது வயதில் அந்தப் பெண்ணின் பெயரில் வேறு ஒன்றும் இருக்காது. அக்காமாரும் தாத்தாமாரும் (முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள்) இதைத் தங்கச்சிமாருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

வீடு கட்டவோ வைத்தியத்துக்கோ தேவைப்பட்டால் வேறு வழி இருக்கிறது. பத்து வருடம் கட்டி, கணக்கில் 3 லட்சத்துக்கு மேல் உள்ளவர்கள் 30 சதவீதம் வரை இடையிலேயே எடுக்கலாம்.

பிரசவ லீவு, பணிக்கொடை?

பிரசவ லீவு 84 நாள், சம்பளத்தோடு. முன்பு மூன்றாவது பிள்ளைக்குக் குறைத்துக் கொடுத்தார்கள். 2018இல் அதை மாற்றி எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக்கினார்கள். பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நீங்களாகவே வேலையை விட்டாலும் உண்டு.

எனக்கு முதலாளியே இல்லை. தோணி, ஓட்டோ, தையல், இடியப்பம். எனக்கு என்ன இருக்கிறது?

குறைவு. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. நாவலடியில் கரைவலை இழுக்கிறவருக்கும், வாவியில் இறால் பிடிக்கிறவருக்கும், மருதமுனையில் வீட்டோடு தறி வைத்திருக்கிற குடும்பத்துக்கும் ஈ.பி.எப். போல ஒன்று தானாக வருவதில்லை. விரும்பினால் சேரலாம் என்ற திட்டங்கள்தான் உண்டு. கமக்காரர் ஓய்வூதியம் 1987இலும், மீனவர் ஓய்வூதியம் 1990இலும் சட்டமாகின. ஓட்டோக்காரர், தையல்காரர், சிறு வியாபாரிகளுக்கு 1996இல் அமைத்த இலங்கை சமூக பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியம் இருக்கிறது. சேருவதற்குப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம்.

இந்த ஓய்வூதியங்களின் தொகை விலைவாசிக்கு ஏற்ப வளரவில்லை. இளமையில் சேர்ந்து, கட்டுப்பணத்தைக் கொஞ்சம் கூட்டிக் கட்டினால்தான் அறுபதில் சொல்லும்படியாக ஏதாவது வரும். இருபத்தைந்து வயதில் ஓட்டோ எடுக்கிற தம்பிமாருக்கு நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வயல் செய்கிறவர்களுக்கு?

உர மானியம் முன்பு ஹெக்டேருக்கு 15,000 ரூபாய். 2024/25 பெரும்போகத்திலிருந்து 25,000. இரண்டு ஹெக்டேர் வரை கிடைக்கும். எங்கள் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 10,000, ஐந்து ஏக்கர் வரை. நெல் உட்படச் சில பயிர்களுக்கு இலவசக் காப்புறுதியும் உண்டு. 2024 நவம்பர் வெள்ளத்தில் வட்டை வட்டையாக வயல் தண்ணீரில் மூழ்கியபோது ஏக்கருக்கு 40,000 வரை நட்டஈடு என்றார்கள்.

சிக்கல் குத்தகைக்காரருக்குத்தான். காணிக்காரர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார். விதைத்தவர், உரம் கடனுக்கு வாங்கியவர், யானைக்கு இரவு காவல் இருந்தவர் வேறொருவர். கமநல சேவை நிலையத்தின் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் காசு. விதைக்க முதலே காணிக்காரரோடு கதைத்து, இந்தப் போகம் செய்கிறவர் நீங்கள் என்று பதிந்து கொள்ளுங்கள். வெள்ளம் வந்த பிறகு கேட்டால் அவர் மனம் மாறியிருக்கும்.

வயல் கூலிக்குப் போகிறவர்களுக்கு இந்த இரண்டிலும் ஒன்றும் வராது. வெட்டு மெஷின் வந்த பிறகு அறுவடைக் கூலியும் போய்விட்டது. முன்பு ஒரு போகத்தில் வீட்டுக்கு வருடச் சாப்பாட்டு நெல் கொண்டு வந்த பெண்கள் இன்று அரிசி வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு திட்டத்தை நான் இன்னும் காணவில்லை. வேண்டும்.

மனைவி வெளிநாடு போக வேண்டும் என்கிறார். என்ன கவனிக்க வேண்டும்?

போவதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. போனால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துதான் போக வேண்டும். விசிட் விசாவில் அனுப்புகிற ஏஜென்டை நம்ப வேண்டாம். பதிந்து போனால் காப்புறுதி உண்டு, அங்கே பிரச்சினை வந்தால் தூதரகத்திடம் கேட்கலாம், பிள்ளை புலமைப்பரிசில், ஓ.எல்., ஏ.எல். சித்தியடைந்தால் பணியகத்தின் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். வீட்டுப் பணிக்குப் போகும் தாய்க்கு இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் அனுமதி இல்லை என்று 2022இல் விதியை மாற்றினார்கள். அதற்கு முன் ஐந்து வயது. பணியகத்தின் இலக்கம் 1989. தாய் போகும்போது கடவுச்சீட்டு, ஒப்பந்தம் இரண்டின் பிரதியும் வீட்டில் இருக்க வேண்டும். பிரச்சினை வந்த பிறகு கடவுச்சீட்டு இலக்கம் தெரியாமல் நாட்கணக்காகத் தேடிய குடும்பங்கள் உண்டு.

பிள்ளைகளின் படிப்புக்கு?

பாடப் புத்தகம், சீருடை இலவசம், தெரிந்ததுதான். 2025 தொடக்கத்தில் அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்க 6,000 ரூபாய் கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் போனால் மகாபொல. அது 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ வீட்டிலிருந்து பஸ்சில் போய் வரக்கூடிய பிள்ளைக்கு அது பெரிய கை.

கிழமைக் கடனில் மூழ்கிவிட்டோம். அரசாங்கம் ஒன்றும் செய்யாதா?

நுண்கடன் எங்கள் பெண்களைப் படாத பாடு படுத்தியது. ஒரு கம்பனிக் கடனை அடைக்க இன்னொரு கம்பனி, செவ்வாய் ஒருவர், வியாழன் ஒருவர் என்று படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். பிள்ளைகள் 'அம்மா வீட்டில் இல்லை' என்று சொல்லப் பழகின. 2018இல் வரட்சியால் பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட, நிலுவையில் நின்ற கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் அதில் இருந்தன. வட்டிக்கு 35 சதவீதம் என்ற எல்லையும் வந்தது. அது ஒரு முறை செய்த உதவி. பலர் திரும்பவும் கடனுக்குள் போய்விட்டார்கள், ஏனென்றால் கையில் காசு தேவைப்படும் காரணங்கள் மாறவில்லை.

இப்போது செய்யக்கூடியது: கடன் எடுக்கும்போது ஒப்பந்தத்தின் பிரதியை வாங்குங்கள். வருட வட்டி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சமுர்த்தி வங்கியையும் கூட்டுறவுச் சங்கத்தையும் முதலில் பாருங்கள். இரவில் வீட்டுக்கு வந்து கத்தினால் பொலிசில் முறைப்பாடு செய்யலாம், கடன் இருப்பதால் அந்த உரிமை போய்விடாது.

பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். சாமான் விலை குறையவில்லையே?

பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். 2022 செப்டெம்பரில் அது 70 சதவீதத்துக்குக் கிட்ட இருந்தது. அந்த வேகம் நின்றுவிட்டது, உண்மை. 2024 கடைசியில் விலை கொஞ்சம் இறங்கவும் செய்தது. ஆனால் ஏறிய உயரத்திலிருந்து ஒரு படிதான் இறங்கியது. இடையில் 2024 ஜனவரியில் வற் வரியும் 15லிருந்து 18 ஆனது. சம்பளம் அந்த உயரத்துக்கு ஏறினால்தான் வீட்டில் மூச்சு வரும். ஆகக் குறைந்த சம்பளம் காகிதத்தில் இருந்து கைக்கு வர வேண்டும் என்று நான் இவ்வளவு சொல்வது அதனால்தான்.

கடிதம் சிங்களத்தில் வருகிறது. தமிழில் கேட்கலாமா?

கேட்கலாம். தமிழும் அரச கரும மொழி. அம்பாறைக் கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, வந்த கடிதத்தைத் திருக்கோவிலில் ஒரு அம்மா மூன்று பேரிடம் கொண்டு போய் வாசிப்பித்தார். அதற்குள் மேன்முறையீட்டு நாள் முடிந்துவிட்டது. நீங்கள் தமிழில் எழுதினால் தமிழில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

பிரஜாசக்தி என்று சொல்கிறார்களே?

2025 ஜூலையில் தொடங்கிய வறுமை ஒழிப்பு இயக்கம். கிராம மட்டத்தில் சமூக அபிவிருத்திச் சபை அமைத்து ஊரின் தேவையை ஊரே சொல்ல வைப்பது நோக்கம். உங்கள் ஊர்க் கூட்டம் நடக்கும்போது போங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வராத கூட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் தேவை எழுதப்படாது. கூட்டத்தைப் பின்னேரத்தில் வைக்கச் சொல்லியும் கேளுங்கள்.

கந்தோருக்குப் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

அடையாள அட்டையும் அதன் இரண்டு பிரதியும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கடைசிக் கரண்ட் பில், நோய் இருந்தால் கிளினிக் கொப்பி. சம்பள விஷயம் என்றால் சம்பளச் சீட்டு, வங்கியில் சம்பளம் விழுந்த பக்கம், முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ்கூட. ஒன்றையும் அழிக்க வேண்டாம்.

பிறகு ஒரு சி.ஆர். கொப்பி. வேலைக்குப் போன நாள், போன நேரம், வந்த நேரம், கைக்குக் கிடைத்த காசு, கழித்த காசு. ஒரு நாளுக்கு ஒரு வரி போதும், பென்சிலில் வேண்டாம், பேனையால். எழுத வராதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். கொப்பி இல்லாமல் வருகிறவர்களுக்குக் கொடுக்க வாசிகசாலை அலுமாரியில் சிலது வாங்கி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை எட்டரையிலிருந்து அங்கேதான் இருப்பேன்.